முதல் மதிப்பெண்

பிறந்தவுடனே தேர்வா? ஆம், தோழர்களே! 1952-இல் நியூயார்க்கில், மயக்க மருந்து மருத்துவர் வர்ஜீனியா ஆப்கார் அம்மையார் அதனை வகுத்தார். இதயத்துடிப்பு, மூச்சு, கைகால் அசைவு, தூண்டினால் துள்ளும் உணர்வு, நீலம் பாயாத மேனி ஆகிய ஐந்துக்கும் சுழி முதல் இரண்டு வரை, மொத்தம் 10. முதல் நிமிடத்தில் ஒருமுறை. ஐந்தாம் நிமிடத்தில் மறுமுறை.

ஜாதகமும் பிறந்த நேரத்தைத்தான் குறிக்கிறது. குறித்துவிட்டு, விதியென்று கைவிரிக்கிறது. இம்மதிப்பெண்ணோ வருங்காலம் உரைப்பதில்லை. குழந்தைக்கு இப்போது என்ன தேவை என்றே கேட்கிறது. முதலில் 3 பெற்ற மகவு, மூச்சூட்டும் கைகளின் துணையால் பின்னர் 8 பெறுவதுண்டு.

நானும் மதிப்பெண் இடும் ஆசிரியன். குறைவாகப் பெற்றவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பியிருக்கிறேன். நான் செய்தது அளவையன்று, ஜாதகம்! அளப்பது ஒதுக்குவதற்கன்று, உதவுவதற்கே. நாளை அவன் முதல் வரிசையில் அமர்வான். ஐந்தாம் நிமிடம் அவனுக்கும் உண்டு.