வைத்தியருக்கு மனவியாதி வரலாகாதோ?



வீட்டில் குழந்தைக்குச் சுரம் கண்டால் நடுச்சாமமென்றும் பாராமல் டாக்டரைத் தேடி ஓடுகிறோம். அவர் இல்லையென்றால் முணுமுணுக்கிறோம். அவருக்கு விஷசுரம் என்று தெரிந்தால் "ஐயோ பாவம்" என்போம். மனவியாதி என்று தெரிந்தால் என்ன சொல்வோம்? "இவரிடமா இத்தனை நாள் நம் பிள்ளையைக் காட்டினோம்!" என்று பதறுவோம். அந்தப் பதற்றம் நியாயமா என்பதை இன்று சற்று யோசித்துப் பாருங்கள்.

நியூயார்க் நகரில் ஆலன் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பகுதிக்குத் தலைமை வகித்தவர் லோர்னா பிரீன் என்னும் பெண் வைத்தியர். 2020 மார்ச்சில் கொரோனாக் கொள்ளைநோய் அந்நகரைத் தாக்கியபோது அவருக்கும் அது கண்டது. தேறியதும் வேலைக்குத் திரும்பினார். ஆஸ்பத்திரி வண்டியிலிருந்து இறக்குமுன்பே நோயாளிகள் மாண்டுகொண்டிருந்த நாட்கள் அவை. விரைவிலேயே அவர் முற்றும் ஓய்ந்துபோனார். குடும்பத்தார் அவரைத் தங்களிடம் அழைத்துச்சென்று சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார்கள். ஆனால் ஏப்ரல் 26-ந் தேதி தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். வயது 49. அதற்குமுன் அவருக்கு மனவியாதி எதுவும் இருந்ததில்லை என்று தந்தை சொன்னார்.

ஒரே ஒரு காரணத்தால் யாரும் இப்படி மாள்வதில்லை. ஆயினும் அவரை வாட்டிய பயம் ஒன்றைக் குடும்பத்தார் வெளிப்படையாகக் கூறினார்கள்: மனவியாதிக்குச் சிகிச்சை பெற்றது தெரிந்தால் லைசென்ஸும் உத்தியோகமும் பறிபோகுமே என்ற பயம்.

இது வெறும் பிரமையல்ல. வைத்தியத் தொழிலுக்கு லைசென்ஸ் கேட்டு மனுச்செய்பவர், எப்போதாவது மனவியாதிக்குச் சிகிச்சை பெற்றதுண்டா என்ற கேள்விக்குப் பதில் எழுதவேண்டும் என்பது அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் வெகுகாலம் இருந்த வழக்கம். "எப்போதாவது" என்ற சொல்லைக் கவனியுங்கள். கல்லூரி நாட்களில் தாயை இழந்து சில மாதம் ஆலோசனை பெற்றவர்கூட அதற்கு "ஆம்" என்றே எழுதவேண்டும். சிகிச்சையே பெறாமல் உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பவரோ தாராளமாக "இல்லை" என்று எழுதலாம்!

"நோயாளியின் உயிர் முக்கியமில்லையா?" என்று நீங்கள் கேட்பீர்கள். முக்கியந்தான். இன்று ஒரு வைத்தியருடைய வியாதி அவர் வேலையைக் கெடுக்கிறதென்றால், குணமாகுமட்டும் அவர் விலகியிருப்பது கடமை. அது உடல் வியாதிக்கும் பொருந்தும். ஆனால் என்றோ வைத்தியம் பார்த்ததைக் குற்றம்போல் விசாரித்தால், வியாதி குறையாது, மறைப்பதுதான் பெருகும். மறைப்பவர் கையில் நம் உயிர் இருப்பது பத்திரமா?

மறைப்பது பழைய சங்கதி. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில், இளம் டாக்டர்கள் அங்கேயே தங்கி ஓயாமல் உழைத்துப் பழகும் முறையைத் தொடங்கியவர் ஹால்ஸ்டெட் என்னும் பேர்பெற்ற ரண வைத்தியர். கொக்கெயினைத் தம் உடலில் சோதித்து அதற்கு அடிமையானவர். பின்பு மார்பீனை நாடி, 1922-ல் இறக்கும் வரையில் அதை விடமுடியாதிருந்தார். அவருடைய சகா ஆஸ்லர் எழுதிவைத்த குறிப்பு 1969-ல்தான் வெளியாயிற்று. தளராத உழைப்பைப் பிறருக்கு விதித்தவரின் கதி அது.

20 தேசங்களைப் பற்றிய ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து 2024-ல் வெளியிட்ட கணக்கில், பெண் வைத்தியர்களிடையே தற்கொலை மற்றப் பெண்களிடையே உள்ளதைவிட 100-க்கு 76 பங்கு அதிகம் என்று கண்டார்கள். ஆண் வைத்தியர்களிடம் அப்படிப் பெரிய வித்தியாசமில்லை.

இப்படி இறந்தவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நம்மில் சிலர் அவசரப்படுவதுண்டு. அறிந்து துணிந்து தற்கொலை செய்தவருக்குத் திருச்சபை அடக்கத்தை 1917-ம் ஆண்டுச் சட்டம் மறுத்தது மெய்தான். 1983-ம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வாசகமே கிடையாது. கடும் மனக்கோளாறும் வேதனையும் பயமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவருடைய இரட்சணியத்தைக் குறித்து நாம் அவநம்பிக்கை கொள்ளலாகாதென்றும் 1992-ல் வெளிவந்த மறைக்கல்வி நூல் போதிக்கிறது. உயிர் நம் சொந்தச் சொத்தல்ல என்பதை அது தளர்த்தவில்லை. தீர்ப்பைத்தான் நம் கையிலிருந்து வாங்கிக்கொண்டது.

பிரீன் அம்மையாரின் பேரால் 2022 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு சட்டம் நிறைவேறி, வைத்தியர்களின் மன நலத்துக்குப் பொருளுதவி கிடைத்தது. பல மாநிலங்களில் அந்த "எப்போதாவது" கேள்வியையும் நீக்கியிருக்கிறார்கள்.

பிள்ளையை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கும் தாய்தந்தையருக்கு ஒரு வார்த்தை. நம் தேசத்து மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-ல் விசாரித்தபோது, பதில் சொன்ன மேற்படிப்பு மாணவர்களில் 100-க்கு 31 பேர் தற்கொலை எண்ணம் வந்ததுண்டு என்றார்கள். லீவில் வரும் பிள்ளையிடம் மார்க்கு விசாரிக்குமுன் தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். "முடியவில்லை, அம்மா" என்றால், "டாக்டருக்குப் படிக்கிறவன் இப்படிப் பேசலாமா?" என்று வாயை அடைக்காதீர்கள். டெலி-மானஸ் என்னும் அரசாங்க உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். டாக்டர்களும் பேசலாம்.