சின்ன விஷயம்தானே?



நன்மையை விடும்போதும் “சின்ன விஷயம்தானே” என்கிறோம். தவறு செய்யும்போதும் அதையேதான் சொல்கிறோம். எது சின்னது?

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே பகுதியில் ஹாமலின் பூல் என்ற ஆழமில்லாத கடற்கழி இருக்கிறது. கடல்நீரைவிட இரு மடங்கு உப்பு. அதன் கரையோரம் ஸ்ட்ரோமடோலைட் எனப்படும் கறுத்த கல்திட்டுகள் நிற்கின்றன. பார்த்தால் பாறை, ஆனால் மேலே உயிர் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் படலமாகப் படர்ந்து, மணல் துகள்களைப் பிடித்து, சுண்ணாம்பாக இறுக்கி, அடுக்கடுக்காக எழுப்புகின்றன. ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர்கூட வளராது. ஆனால் இந்த இனத்து உயிர்கள் வெளியிட்ட ஆக்சிஜன்தான் சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றையே மாற்றத் தொடங்கியது. சுப்ஹானல்லாஹ்!

அங்கேயே இன்னொரு காட்சி. சுமார் நூறாண்டுகளுக்கு முன் கம்பளி மூட்டை ஏற்றிய வண்டிகள் அந்தப் படலத்தின் மேல் உருண்டு போயின. சக்கரத் தடம் இன்றும் மறையவில்லை.

சிறிதானாலும் விடாமல் செய்யும் அமல் அல்லாஹ்வுக்குப் பிரியமானது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். சுப்ஹுக்குப் பின் ஒரு பக்கம் ஓதுவது, உம்மாவுக்குத் தினம் ஒரு போன்: இவை அந்த அரை மில்லிமீட்டர். கோபத்தில் மனைவியிடம் வீசிய ஒரு சொல்? அதுதான் சக்கரம். நாம் மறந்துவிடுவோம், தடம் அவர் நெஞ்சில் கிடக்கும். அடியாருக்குச் செய்த தீங்குக்கு அல்லாஹ்விடம் தௌபா கேட்டால் மட்டும் போதாது, அவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். தொழுதுவிட்டு வீட்டுக்குப் போனதும் கேளுங்கள். நானும் கேட்கிறேன்.

அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.