ஒரு குக்கர் போதும்

பாக்கெட் உணவைக் குறையுங்கள், வீட்டிலேயே சமைத்துச் சாப்பிடுங்கள் என்ற புத்திமதி இப்போது எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. டாக்டர் சொல்கிறார். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் சொல்கிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்தோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. யாரும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் சமைக்கப்போவது யார், எத்தனை மணிக்கு, நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்த பிறகு எந்தத் தெம்பில் என்பது மட்டும் அதில் இருப்பதே இல்லை.

நான் கோயம்புத்தூரில் வேலைக்குப் போகிறவள். வீடு திரும்ப இரவு ஏழாகிவிடும். வீட்டுச் சமையலின் பெருமையை மேடையில் பேசுகிற இடத்தில் நான் இல்லை. அதை நடைமுறைப்படுத்த வேண்டிய இலாகா என்னுடையது. அப்படி இருந்து பார்த்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டிருக்கிறது. நம் வீடுகளுக்குள் பாக்கெட்டைக் கூட்டிவந்ததில் சோம்பேறித்தனத்தின் பங்கு குறைவு. சமையல் என்றால் இன்னின்ன இருக்க வேண்டும் என்று நாம் வைத்திருக்கும் கணக்கின் பங்குதான் அதிகம்.

அந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். சோறு, ஒரு குழம்பு, ரசம், ஒரு பொரியல், முடிந்தால் கூட்டு, தயிர், அப்பளம். இதில் இரண்டு குறைந்தால் "இன்னிக்கு ஒண்ணும் சமைக்கல" என்று சொல்லிக்கொள்கிறோம். இத்தனையும் இரவு ஏழரைக்கு மேல் ஆகாது. ஆகாதபோது, சமைப்பதையே விட்டுவிட்டு நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிறோம், அல்லது போனில் பரோட்டா ஆர்டர் செய்கிறோம். ஏழு பதார்த்தத்துக்கும் நூடுல்ஸுக்கும் நடுவில் எவ்வளவோ இடம் இருக்கிறது. அந்த இடத்தில் நிற்க நமக்கு வெட்கமாக இருக்கிறது.

வேலைக்குப் போகும் பெண் புதிதாக முளைத்தவள் இல்லை என்பதையும் மறந்துவிடுகிறோம். கொங்கு நாட்டில் எங்கள் பாட்டி தலைமுறைப் பெண்கள் விடிந்ததும் காட்டுக்குப் போனவர்கள். களை வெட்டினார்கள், பருத்தி எடுத்தார்கள், வந்து மாட்டையும் பார்த்தார்கள். இன்றைய அலுவலக நேரத்தைவிட நீளமான நேரம் அது. அவர்கள் யாரும் தினமும் ஐந்து வகை வைக்கவில்லை. ராத்திரி ஆக்கிய கம்மஞ்சோற்றில் மீந்ததைத் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தார்கள். ராகிக் களி என்றால் கூட ஒரு கீரைக் கடைசல், அவ்வளவுதான். கொள்ளை வேகவைத்தால் வடித்த தண்ணீர் ரசமாகும், வெந்த கொள்ளு கடைந்து பருப்பாகும். ஒரே வேக்காட்டில் இரண்டு முடிந்துவிடும். ஒருமுறை அடுப்பை மூட்டி இரண்டு வேளை சாப்பிடுவது எப்படி என்று யோசித்து யோசித்து உருவான சமையல் அது. ஏழு பதார்த்தம் என்பது நோன்பு நாள், கல்யாணப் பந்தி. வசதி வந்ததும் பந்தியைத் தினசரிக்குக் கொண்டுவந்தோம், தட்டில் உள்ள எண்ணிக்கையைக் கௌரவமாக நினைக்கப் பழகினோம்.

எங்கள் ஊரில் இதற்கெல்லாம் ஒரே பதில் உண்டு: அரிசிம்பருப்பு. வெளியூர்க்காரர்கள் இதைச் சாம்பார் சாதத்துக்குத் தம்பி என்று நினைப்பார்கள், கிடையாது. மூன்று டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் துவரம்பருப்பு. குக்கரில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை, கை நிறையச் சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, மஞ்சள் தூள். கழுவிய அரிசியையும் பருப்பையும் போட்டு, தண்ணீரும் உப்பும் சேர்த்து மூடினால் மூன்று விசில். மேலே ஒரு கரண்டி நெய், பக்கத்தில் தயிர். தானியம் மூன்று பங்கு, பருப்பு ஒரு பங்கு என்பது சத்துணவுப் பாடப் புத்தகம் சொல்லும் விகிதமும்கூட. அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். பாட்டிகளுக்கு லைசின் தெரியாது, விகிதம் தெரிந்திருந்தது. இதில் கஷ்டமான வேலை சின்ன வெங்காயம் உரிப்பது மட்டும்தான். அதைப் பிள்ளைகள் டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம்.

பொள்ளாச்சியிலிருந்து வரும் என் அத்தைக்கு இது ஒப்பாது. "ஏன் கண்ணு, வெறும் அரிசிம்பருப்பு மட்டுந்தானா? தொட்டுக்க ஒண்ணும் பண்ணலையா?" என்பார். "தயிர் இருக்குதுங்க அத்தை, வெள்ளரிக்காய் நறுக்கறனுங்க" என்பேன். "நாங்க காட்டுக்குப் போன காலத்துல இதத்தான் தின்னோம்" என்று அவரே சொல்லிவிட்டு, அதே மூச்சில், "அதுக்காக இப்பவுமா?" என்றும் கேட்பார். அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் நாம் பதில் சொல்லியாக வேண்டும். ஆமாம், இப்பவும்தான்.

இதைச் சொல்வதால் எல்லாப் பாக்கெட்டும் பாவம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரேசிலில் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மோன்டெய்ரோ 2009-இல் உணவுகளைப் பதப்படுத்தும் அளவை வைத்துப் பிரித்துக் காட்டினார். நோவா என்று பெயர் பெற்ற அந்தப் பகுப்பில் இப்போது நான்கு பிரிவுகள் உண்டு. அரிசி, பருப்பு, பால், காய்கறி முதல் பிரிவு. எண்ணெய், உப்பு, சர்க்கரை இரண்டாவது. ஊறுகாய் போல இவை சேர்ந்து உண்டாவது மூன்றாவது. நான்காவதுதான் கவலைக்குரிய பிரிவு: எந்த வீட்டு அடுப்படியிலும் இல்லாத சரக்குகளைச் சேர்த்து ஆலையில் உருவாக்கியவை. மால்டோடெக்ஸ்ட்ரின், எமல்சிஃபையர் 471, சுவைகூட்டி 627, 631 என்று பாக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பவை அந்த வகை. இந்தியச் சட்டப்படி சேர்மானங்களை எடை அதிகமுள்ளதிலிருந்து இறங்குவரிசையில் எழுத வேண்டும். ஆகவே முதல் மூன்று பெயரைப் படித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். முன்பக்கத்தில் சிறுதானியம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். திருப்பினால் முதல் பெயர் கோதுமை மாவாக இருக்கும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் தெருமுனையில் விற்கும் இட்லி மாவு குற்றவாளியே அல்ல. அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு. சோடா கலந்திருப்பார்கள் என்று சந்தேகம் வந்தால், நம்பகமான கடையாகப் பார்த்து வாங்க வேண்டியதுதான். கோவையில் பி. சபாபதி 1955-இல் வெட் கிரைண்டரை உருவாக்கினார் என்பார்கள். ஆட்டுக்கல் மாவின் ருசி கிரைண்டரில் வராது என்று சொன்னவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். இன்று அதே கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற கோவையின் பெருமை. அதில் ஆட்டிய மாவு வீட்டு மாவு. நாளைக்குக் கடை மாவும் அப்படி ஆகும். துருவிய தேங்காய், உரித்த பூண்டு, நறுக்கிய கீரை எதையும் வாங்கலாம். வேலையை மிச்சப்படுத்தும் பாக்கெட் வேறு, சாப்பாட்டின் இடத்தையே பிடித்துக்கொள்ளும் பாக்கெட் வேறு.

இரண்டாவது வகை ஏன் ஆபத்து என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் நடத்தியது, 2019-இல் வெளிவந்தது. 20 பேரை நான்கு வாரம் உள்ளேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலை உணவும் இரண்டு வாரம் சாதாரண உணவும் கொடுத்தார்கள். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு. வேண்டியதைச் சாப்பிடலாம், மிச்சமும் வைக்கலாம். ஆலை உணவு கொடுத்த நாட்களில் சராசரியாக ஒருவர் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார். இரண்டே வாரத்தில் சராசரி எடை ஏறத்தாழ 900 கிராம் ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. பிள்ளை சிப்ஸை நிறுத்தாமல் தின்கிறான் என்று அவன் மனக்கட்டுப்பாட்டைத் திட்டுவதில் அர்த்தமில்லை என்று எனக்குப் புரியவைத்த ஆய்வு இது. நிறுத்த முடியாதபடிதான் அது செய்யப்பட்டிருக்கிறது.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. நாளுக்கு 2000 கலோரி வீதம் ஒரு வாரத்துக்கு ஆலை உணவுக்கு 106 டாலர், சாதாரண உணவுக்கு 151 டாலர் ஆனது. அங்கே நல்ல சாப்பாடு விலை கூடியது. நம் ஊரில் நிலைமை தலைகீழ். அரிசி ரேஷனில் இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். நமக்குக் குறைவாக இருப்பது பணம் அல்ல, ஆள்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை ஒவ்வொரு வீட்டிலும் ஒருமுறை சத்தமாகப் படிக்க வேண்டும். ஆறு வயது நிரம்பியவர்களில் பெண்கள் நூற்றுக்கு 81 பேர் ஏதாவது வீட்டு வேலை செய்கிறார்கள், ஆண்கள் 26 பேர். அப்படிச் செய்கிறவர்களிலும் பெண்ணுக்கு நாளுக்கு 299 நிமிடம், ஆணுக்கு 97 நிமிடம். 2024-இல் மறுபடி எடுத்தபோது பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருக்கின்றன. இடைவெளி அப்படியே நிற்கிறது. ஐந்து மணி நேரம் வேலை செய்கிறவளைப் பார்த்து, பாக்கெட்டை நிறுத்து, இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள் என்று சொல்வது ஆரோக்கிய அறிவுரை ஆகாது.

வீட்டுச் சாப்பாடு என்றாலே அமிர்தம் என்றும் நான் நம்பவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-இல் வெளியானபோது நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. இந்தப் பழியை நூடுல்ஸ் மேல் மட்டும் போட்டுவிட முடியாது. குவித்துப் போட்ட வெள்ளைச் சோறும், உடம்பு அசையாத வேலையும் இதில் கூட்டாளிகள். உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புச் சேர்க்கச் சொல்கிறது. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் என்று வீட்டிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடலாம். அரிசிம்பருப்பையும் அளவாகத்தான் சாப்பிட வேண்டும். பக்கத்தில் காய் கட்டாயம் வேண்டும்.

பிள்ளைகளின் ஸ்நாக்ஸ் டப்பாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாழைப்பழம், வேர்க்கடலை, பொட்டுக்கடலையும் வெல்லமும், ஞாயிறன்று அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. பாலில் கலக்கும் பவுடர்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் போட்டு விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது என்பதுதான் காரணம். அந்தப் பவுடர் டப்பாவின் பின்பக்கத்தில் சர்க்கரை எத்தனையாவது இடம் என்று பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

நல்ல சாப்பாட்டுக்கு அம்மா கைதான் பட வேண்டும் என்ற பேச்சையும் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறிச் சாம்பார் போடுகிறார்கள். விடிகாலையில் வேலைக்கு ஓடும் தாய் சமைக்காதது அவள் குற்றம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. சமைக்கும் பொறுப்பை அரசே எடுத்துக்கொண்டது. மெஸ் நடத்தும் அக்காவின் கீரைக் கூட்டும், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தனுப்பும் ரசமும் அதே வகைதான். அரிசியும் பருப்பும் காயும் இன்றைக்கு வெந்ததா என்பது முக்கியம். எந்த வீட்டு அடுப்பில், யார் கையில் என்பது இரண்டாம் பட்சம்.

ஆனாலும் சொந்த வீட்டு அடுப்புக்கு இன்னும் ஒரு கை வேண்டும். எங்கள் வீட்டில் வாரத்தில் பாதி இரவுகள் வீட்டுக்காரர் பொறுப்பு. அவர் வைப்பது இரண்டு மூன்று பதார்த்தம்தான், அதில் ஒன்று அரிசிம்பருப்பு. யாரும் பெரிய சமையல்காரர் ஆக வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் பத்தாவது படிக்கும் பையன் இருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை அரிசியையும் பருப்பையும் அவன் கையில் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். நீங்கள் அடுப்படிப் பக்கம் போகாதீர்கள். அடிப்பிடித்திருந்தாலும் மேலாக எடுத்துப் போட்டு, வீட்டில் எல்லோரும் அதையே சாப்பிடுங்கள்.