ரெண்டு வாக்கு

தமிழில் 'வாக்கு' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். தேர்தலில் நாம் போடுவதும் வாக்கு. அதற்கு முன்னால் அவர்கள் நமக்குக் கொடுப்பதும் வாக்கு. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிற பண்டமாற்று இது. நாம் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது, பெட்டிக்குள் போனது போனதுதான். அவர்கள் கொடுத்ததை மட்டும் தேர்தலுக்கு அப்புறம் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா?

'இதெல்லாம் ஒரு கேள்வியா சார்? எடுத்துக்கிட்டுதானே இருக்காங்க!' என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். பொய் சொல்வதற்கென்றே பிறந்த அரசியல்வாதியைப் பற்றி நான் பேசவில்லை. அவர் விஷயத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. நல்ல மனிதர், ஆனால் தனியாக ஜெயிக்கவில்லை. யாரோடாவது சேர்ந்தால்தான் ஏதாவது செய்ய முடியும். சேர வேண்டுமென்றால் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். அவர் விட்டுக்கொடுத்தால் அது துரோகமா, விவேகமா?

இதற்கு இங்கிலாந்தில் ஒரு கதை இருக்கிறது.

2010 மே 6. பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தல். மொத்தம் 650 இடங்கள், பெரும்பான்மைக்கு 326 வேண்டும். டேவிட் கேமரூனின் கன்சர்வேடிவ் கட்சிக்கு 306. பிரதமராக இருந்த கார்டன் பிரவுனின் தொழிற்கட்சிக்கு 258. மூன்றாவதாக நிக் கிளெக் தலைமையிலான லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 57. கூட்டல் கழித்தல் கணக்கை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 258-ம் 57-ம் சேர்ந்தால் 315, போதாது. 306-ம் 57-ம் சேர்ந்தால் 363, தாராளம்.

கிளெக் கட்சி இரண்டு பக்கமும் பேசியது. ஐந்தே நாள்! மே 11-ம் தேதி பிரவுன் ராஜினாமா செய்தார். கேமரூன் பிரதமர், கிளெக் துணைப் பிரதமர். மறுநாள் இருவரும் பிரதமர் இல்லத்துத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்று சிரித்த சிரிப்பை உலகமே பார்த்தது.

அந்தத் தோட்டத்தில் இல்லாத ஒருவரை இப்போது பார்ப்போம். காலேஜ் பையன்.

தேர்தலுக்கு முன்னால் பிரிட்டிஷ் மாணவர் சங்கம் ஓர் உறுதிமொழி அட்டையைத் தயாரித்து வேட்பாளர்களிடம் நீட்டியது. 'அடுத்த நாடாளுமன்றத்தில் கல்லூரிக் கட்டண உயர்வு வந்தால் எதிர்த்து வாக்களிப்பேன், நியாயமான மாற்று ஏற்பாட்டுக்காக அரசை வற்புறுத்துவேன்' என்பது அதன் சாரம். ஜெயித்து வந்த 57 லிபரல் டெமாக்ரட்டுகளும் அதில் கையெழுத்துப் போட்டவர்கள். கிளெக் கையெழுத்துப் போட்டு, அட்டையைக் கையில் பிடித்துப் போட்டோவுக்கும் நின்றார். அந்தத் தேர்தலில் அவர் கட்சியின் டி.வி. பிரசாரமே 'வாக்குத் தவறும் அரசியலுக்கு விடை கொடுங்கள்' என்ற தோரணையில்தான் இருந்தது.

ஏழே மாதம். 2010 டிசம்பர் 9. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,300 பவுண்டாக இருந்த கட்டணத்தின் உச்சவரம்பை 9,000 பவுண்டாக உயர்த்தும் தீர்மானம் வந்தது. கொண்டுவந்த அமைச்சர் வின்ஸ் கேபிள், லிபரல் டெமாக்ரட்! வெளியே நாடாளுமன்றச் சதுக்கத்தில் மாணவர்களுக்கும் போலீசுக்கும் மோதல். அன்று சாயங்காலம் இளவரசர் சார்லஸ் போன கார்கூடத் தாக்கப்பட்டது. உள்ளே 323-க்கு 302 என்று தீர்மானம் நிறைவேறியது. கிளெக் கட்சியில் ஏறத்தாழ பாதிப் பேர் ஆதரித்தார்கள். 21 பேர் எதிர்த்தார்கள். மிச்சப் பேர் வாக்களிக்கவில்லை.

இப்போது கிளெக்கின் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். அதுதான் முறை.

'நாங்கள் 57 பேர். நாட்டை ஆளும் பொறுப்பை மக்கள் எங்களிடம் முழுசாகக் கொடுக்கவில்லையே? எங்கள் தேர்தல் அறிக்கை முழுவதையும் எப்படி நிறைவேற்ற முடியும்?' என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். கூட்டணியில் அவர் சும்மாவும் இருக்கவில்லை. சாதாரணச் சம்பளக்காரர்களுக்கு வருமான வரி விலக்கு வரம்பை 10,000 பவுண்டாக உயர்த்துவோம் என்று அவர் கட்சி சொல்லியிருந்தது. 2014-ல் அது நடந்தது. ஏழை மாணவர்கள் படிக்கும் பள்ளிகளுக்குத் தனி நிதி கேட்டார்கள், வந்தது. எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டிருந்தால் இவையெல்லாம் வந்திருக்குமா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

விட்டுக்கொடுக்காமலே இருந்தால் என்ன ஆகும்? அதையும் அதே வருஷம் ஐரோப்பா பார்த்தது. லண்டனிலிருந்து ரயிலேறினால் இரண்டு மணி நேரத்தில் பிரஸ்ஸல்ஸ், பெல்ஜியத்தின் தலைநகரம். 2010 ஜூன் 13-ம் தேதி அங்கே தேர்தல். டச்சு மொழி பேசுகிற வடக்கும் பிரெஞ்சு மொழி பேசுகிற தெற்கும் தங்கள் தங்கள் நிலையிலிருந்து இறங்கி வரத் தயாரில்லை. புதிய அரசு பதவியேற்றது 2011 டிசம்பர் 6-ம் தேதி. நடுவில் 541 நாட்கள்! காபந்து அரசுதான் காலத்தை ஓட்டியது. பொறுமை இழந்த இளைஞர்கள் தெருவில் இறங்கி, உருளைக்கிழங்கு வறுவலை இலவசமாக விநியோகம் செய்து கேலி செய்தார்கள். அவரவர் தன் ஆட்களுக்குக் கொடுத்த வாக்கை அவரவர் கட்டிக்காத்ததன் பலன் அது.

ஆக, விட்டுக்கொடுப்பதே பாவம் என்று சொல்ல முடியாது. அப்புறம் கிளெக் விஷயத்தில் மட்டும் ஏன் உறுத்துகிறது?

ஒரு உதாரணம். நீங்கள் உங்கள் மகளிடம் இரண்டு வாக்குக் கொடுக்கிறீர்கள். ஒன்று, 'லீவுக்கு ஊட்டி கூட்டிட்டுப் போறேன்டா.' இன்னொன்று, 'இனிமே உன்னை அடிக்க மாட்டேன்.' லீவு கிடைக்கவில்லை, கையில் காசில்லை, ஊட்டி போக முடியவில்லை. குழந்தை அழும், பிறகு புரிந்துகொள்ளும். ஆனால் அடித்துவிட்டு, 'என்ன பண்றது, ஆபீஸ்ல சூழ்நிலை சரியில்லே' என்று சொல்ல முடியுமா? ஊட்டிக்குப் பஸ் வேண்டும், பணம் வேண்டும், மேனேஜர் மனசு வைக்க வேண்டும். அடிக்காமல் இருக்க உங்கள் கை மட்டும் போதும்.

'கட்டணத்தை ஒழிப்போம்' என்று லிபரல் டெமாக்ரட் தேர்தல் அறிக்கை சொன்னது ஊட்டி மாதிரி. ஆட்சி வேண்டும், பெரும்பான்மை வேண்டும், கஜானாவில் காசு வேண்டும். அது நடக்கவில்லை என்றால் மன்னிக்கலாம். மாணவர் அட்டையில் போட்ட கையெழுத்து அப்படியல்ல. 'நான் எப்படி ஓட்டுப் போடுவேன்' என்பது மட்டும்தான் அதில் இருந்த முக்கியமான வாக்கு.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் முக்கியமான வாக்கெடுப்பு என்றால் உறுப்பினர்கள் எழுந்து நடக்க வேண்டும். ஆதரிப்பவர்களுக்கு ஒரு தாழ்வாரம், எதிர்ப்பவர்களுக்கு இன்னொன்று. எந்தப் பக்கம் நடக்கிறாரோ அதுதான் அவர் ஓட்டு. தன் இரண்டு கால்களும் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல, யாருக்கும் பெரும்பான்மை தேவையில்லை. அமைச்சர்களுக்கு உதவியாளர்களாக இருந்த இரண்டு லிபரல் டெமாக்ரட் உறுப்பினர்கள், அந்தப் பொறுப்பை விட்டுவிட்டு எதிர்ப் பக்கம் நடந்தார்கள். அதாவது, முடியும். விலை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. கூட்டணி ஒப்பந்தத்திலேயே, கட்டண விஷயத்தில் லிபரல் டெமாக்ரட்டுகள் வாக்களிக்காமல் ஒதுங்கி நிற்கலாம் என்று சலுகை எழுதப்பட்டிருந்தது. 'எதிர்ப்பேன்' என்று கையெழுத்துப் போட்டவர்களுக்கு, 'சும்மா இருக்கலாம்' என்பது பேரத்தில் கிடைத்தது. கடைசியில் பாதிப் பேர் அந்தச் சலுகையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் ஆதரித்தார்கள். மற்றவர்கள் போட்டபடியே போட்டு, இவர்கள் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் தீர்மானம் தோற்றிருக்கும்.

சரி, பேச்சுவார்த்தையின் நெருக்கடியில் தவறிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாமா? அங்கேதான் சிக்கல். 2010 நவம்பரில் 'கார்டியன்' பத்திரிகை ஒரு ரகசியக் குறிப்பை வெளியிட்டது. கூட்டணிப் பேச்சு வந்தால் என்ன செய்வது என்று கிளெக்கின் நெருங்கிய சகாக்கள் அந்த ஆண்டு மார்ச் மாதமே எழுதி வைத்தது. பகுதிநேர மாணவர்களுக்காகப் பேசலாம், கட்டண விஷயத்தில் மற்றதை விட்டுவிடலாம் என்பது அதில் இருந்த யோசனை. மார்ச்! அதாவது, தேர்தலுக்கு முன்னாலேயே. மேடையில் ஏறி விற்றுக்கொண்டிருந்த சரக்கை, பின்கட்டில் கழித்துக்கட்ட யோசனை நடந்துகொண்டிருந்தது.

எனக்கு உறுத்துவது இதுதான். விட்டுக்கொடுத்தது பெரிய குற்றமில்லை. எதை விட்டுக்கொடுக்கலாம் என்ற யோசனை உள்ளே ஓடிக்கொண்டிருக்க, அதையே உயிர்மூச்சு மாதிரி வெளியே காட்டி ஓட்டு வாங்கினது குற்றம். அந்த மாணவன் தோற்கவில்லை. தோற்றிருந்தால் கௌரவமாவது மிஞ்சியிருக்கும். அவன் பகடைக்காயாக ஆகியிருந்தான்.

இதே நாட்டில் எட்மண்ட் பர்க் என்று ஒருவர் இருந்தார். 1774-ல் பிரிஸ்டல் நகரம் அவரை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது. ஜெயித்த கையோடு வாக்காளர்களிடம் அவர் சொன்னதன் சாரம்: 'உங்கள் விருப்பத்தை மதிப்பேன். ஆனால் உங்கள் கட்டளைக்காக என் சொந்த புத்தியை அடகு வைக்க மாட்டேன்.' ஆறு வருஷம் அப்படியே நடந்தார். 1780-ல் பிரிஸ்டலில் தோல்வி நிச்சயம் என்று தெரிந்து போட்டியிலிருந்தே விலகினார். அவர் சொன்னதோடு நீங்கள் உடன்படலாம், சண்டையும் போடலாம். ஆனால் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. முகத்துக்கு நேரே சொன்னார், அதற்கான விலையையும் கொடுத்தார்.

கிளெக்கும் விலை கொடுத்தார். 2012 செப்டம்பரில் வீடியோவில் மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று கவனியுங்கள். நிறைவேற்ற முடியும் என்று நிச்சயமில்லாத வாக்கைக் கொடுத்ததற்கு! அந்த மன்னிப்பையே யாரோ பாட்டாக மாற்றிவிட, ஊரே கேட்டுச் சிரித்தது. 2015 தேர்தலில் 57 இடம் எட்டாகச் சுருங்கியது. அன்று ஆதரித்தவர், எதிர்த்தவர் என்ற பாகுபாடெல்லாம் பெரிதாக உதவவில்லை. எதிர்த்து ஓட்டுப் போட்ட முன்னாள் தலைவர் சார்லஸ் கென்னடியும், ஸ்காட்லாந்தில் வீசிய தேசியக் கட்சி அலையில் தோற்றுப்போனார். அந்தக் கட்சி மறுபடி தலைநிமிர்ந்து 72 இடம் பிடிக்க 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

'அப்போ மக்கள் நல்ல பாடம் புகட்டினாங்க, கதை முடிஞ்சுது' என்கிறீர்களா? எனக்கு அவ்வளவு சந்தோஷமில்லை. கட்டணத்தை 9,000 ஆக்கிய அரசின் பெரிய கட்சி எது? கன்சர்வேடிவ். அதே 2015-ல் அவர்கள் தனிப் பெரும்பான்மையோடு ஜெயித்தார்கள்! உயர்த்த மாட்டோம் என்று அவர்கள் கட்சி யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லையே. வாக்குக் கொடுத்தவன் தண்டிக்கப்பட்டான், கொடுக்காதவன் தப்பித்தான். இதிலிருந்து மற்ற கட்சிகள் கற்றுக்கொள்ளக்கூடிய பாடம் என்ன? 'வாக்கைக் காப்பாற்று' என்பதா, 'எதையும் தெளிவாகச் சொல்லித் தொலைக்காதே' என்பதா? இரண்டாவதுதான் சுலபம்.

நம் பங்கும் இங்கேதான் வருகிறது. வேட்பாளரிடம், 'ஜெயிச்சா என்ன செய்வீங்க?' என்று கேட்கிறோம். அவரும் ஊட்டி, கொடைக்கானல், சிம்லா என்று பட்டியல் போடுகிறார். இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாம். 'தனியா ஜெயிக்கலைன்னா, இந்தப் பட்டியல்ல எதையெல்லாம் முதல்ல விடுவீங்க? என்ன வந்தாலும் எதை விட மாட்டீங்க?' முதல் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்கிறவரை, 'ஆரம்பத்திலேயே பின்வாங்குறார் பார்' என்று நாம் கேலி செய்யாமல் இருக்க வேண்டும். அது ரொம்ப முக்கியம். எல்லாவற்றையும் தருவேன் என்கிறவருக்குக் கை தட்டிவிட்டு, அப்புறம் ஏமாற்றிவிட்டார் என்று கோபப்பட்டால், அந்த ஏமாற்றத்தில் நமக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு ஒருவர் உங்கள் வாசலுக்கு வரும்போது, இந்த இரண்டையும் கேட்டுத்தான் பாருங்களேன். என்ன பதில் வருகிறது என்பதைவிட, பதில் சொல்வதற்கு முன்னால் அவர் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்று கவனியுங்கள்.