பந்தைத் தொட்ட கை

சாமர்த்தியம் உள்ளவனை உலகம் தானே மதிக்கும் என்று நம்மில் பலர் சொல்லுகிறோம். "கெட்டிக்காரனாக இரு; உன் ஜாதியை எவரும் கேட்கமாட்டார்கள்" என்பது தோட்டத்து லயங்களிலும் பட்டணத்து வீடுகளிலும் பிள்ளைகளுக்குச் செய்யப்படும் உபதேசம். இது எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் பால்வாங்கர் பாலு என்னும் கிரிக்கெட் வீரரின் வாழ்க்கையைக் கொண்டு பரிசீலிப்போம்.

பாலு 1876-ம் ஆண்டில் தார்வாரில் பிறந்தவர். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சமார் வகுப்பினர். புனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் மைதானத்தைப் பராமரிக்கும் வேலையில் அமர்ந்தார். அங்கே பயிற்சிக்கு வந்த துரைமார்களுக்குப் பந்து வீசி வீசியே இடதுகைச் சுழற்பந்தில் தேர்ச்சி பெற்றார். வெள்ளைக்காரரை ஜெயிக்க விரும்பிய புனா இந்துக்களுக்கு அவருடைய கை வேண்டியிருந்தது. சேர்க்கலாமா கூடாதா என்று விவாதித்துவிட்டுச் சேர்த்துக் கொண்டார்கள். ஆட்டத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் வேளை வந்ததும் அவருக்கு மட்டும் கட்டடத்துக்கு வெளியே, தனி மண்குவளையில் தேநீர்!

நேயர்களே, ஒரே பகலுக்குள் அந்தத் தீட்டு எங்கே போயிற்று? எங்கிருந்து திரும்பி வந்தது? வெற்றி வேண்டியபோது போயிற்று. உடன் உட்கார வேண்டியபோது வந்தது. ஆகவே தீட்டு பாலுவின் கையில் இருந்ததில்லை. மற்றவர்களுடைய சௌகரியத்தில் இருந்தது.

1911-ல் பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்தியக் கட்சியில் பாலுவும் இருந்தார். அந்தப் பயணத்தில் 114 விக்கெட்டுகள் எடுத்தார். இருந்தும் இந்துக் கட்சியின் தலைமை ஸ்தானம் அவருக்கு அளிக்கப்படவில்லை. 1920-ல் தங்கள் குடும்பத்தாருக்குத் தலைமை மறுக்கப்படுவதை ஆட்சேபித்து, தம்பிமார்களான விட்டலும் சிவராமும் கட்சியிலிருந்து விலகி நின்றார்கள். 1923-ல் விட்டல் தலைவரானார். நூற்றுப் பதினான்கு விக்கெட்டுகள் வாங்கித் தராததை, விலகி நின்று கேட்ட பிறகே அடைந்தார்கள் என்பது கவனிக்கத் தக்கது.

அமெரிக்காவிலும் இதற்கு ஒப்பான சங்கதி உண்டு. ஹாங்க் கிரீன்பெர்க் என்ற பேஸ்பால் வீரர் யூதர். 1938-ல் ஒரே பருவத்தில் 58 ஹோம்ரன் அடித்தவர். மைதானங்களில் இனத்தைச் சொல்லி அவரை வைதார்கள். 1934-ல் போட்டி மும்முரமாயிருந்த சமயத்தில், யோம் கிப்பூர் நோன்பு நாளன்று அவர் ஆட மறுத்து ஜெபாலயம் சென்றார். அன்று அவர் கட்சி தோற்றது. கையை விரும்பினால் கைக்குரிய மனிதனையும் ஏற்க வேண்டும் என்பதை அவர் சொல்லாமலே தெரிவித்துவிட்டார்.

"சாமர்த்தியம்தானே அவர்களை உயர்த்திய ஏணி?" என்று கேட்கலாம். வாஸ்தவம். ஆனால் பாலுவின் வகுப்பில் பிறந்து, பந்து வீசத் தெரியாத லட்சக்கணக்கானவர்களின் கதி என்ன? ஏணி ஏறியவனுக்கு மட்டும் கொடுப்பது சன்மானம். மனிதன் என்பதற்காகக் கொடுப்பதே கௌரவம்.

பிறரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நெகிரி செம்பிலானில் ஒரு தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் கடைசி நிமிஷத்தில் கோல் போட்டான். ஓடிச்சென்று அவனைத் தழுவிக் கொண்டவர்களில் நானும் ஒருவன். மறுநாள் அவன் தாயாருடைய சேமநிதிக் காகிதத்தோடு ஆபீசுக்கு வந்தான். வேலை இருக்கிறதென்று வாசலில் நிறுத்தி வைத்தேன். பிறகு வந்த குத்தகைக்காரருக்கு எழுந்து நாற்காலி போட்டேன். வெகு நேரம் சென்று அவன், "கிராணி ஐயா, நாளைக்கு வரட்டுங்களா?" என்று கேட்டான். அந்தக் குரலில் கோபம் இல்லை. பழக்கம் இருந்தது. அதுவே என்னைச் சுட்டது.

புனாவின் மண்குவளை என் ஆபீஸ் வாசலிலும் இருக்கிறது என்று அன்று அறிந்தேன். அடுத்த பந்தயத்தில் அவன் கோல் போடாமலும் போகலாம். அதற்கு மறுநாள் அவன் வந்தால் எழுந்து நாற்காலி போடுகிறேனா என்பதே எனக்குப் பரீட்சை.