பிராகர் வீதியில் ஒரு பையன்

ட்ரெஸ்டன் நகரத்து பிராகர் வீதியின் பழைய அஞ்சலட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. 1910ஆம் ஆண்டு முத்திரை. தொப்பி வைத்த ஆண்கள், தரையைத் தொடும் பாவாடையில் பெண்கள், வரிசையாகக் கடைகள். விடுதி ஜன்னல் ஒன்றின் மேல் மையால் ஒரு பெருக்கல் குறி. ‘இதுதான் என் அறை’ என்று வீட்டாருக்குக் காட்ட அந்தக் காலத்துப் பயணிகள் அப்படிச் செய்வதுண்டு.

“யாரோ யாருக்கோ எழுதினத நீ ஏன் படிக்கிற?” என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் 1869இல் ஆஸ்திரியா-ஹங்கேரியில் முதல் அஞ்சலட்டை வந்தபோதே, வேலைக்காரரும் தபால்காரரும் படித்துவிடுவார்களே என்ற முணுமுணுப்பு எழுந்துவிட்டது. தெரிந்துதான் எழுதினார்கள். ரகசியம் இருந்தவர்கள் தபால்தலையைச் சாய்த்து ஒட்டிச் சேதி சொன்னார்கள். கெட்டிக்காரர்கள்! ஆகவே பின்பக்கத்தைப் படிப்பதில் எனக்குப் பெரிய உறுத்தல் இல்லை. உறுத்துவது முன்பக்கம்.

1945 பிப்ரவரியில் இந்த வீதி குண்டுவீச்சில் அழிந்தது. நகரத்தில் இறந்தவர்கள் 25,000 பேர் வரை. இது தெரிந்த பிறகு படத்தை வெறும் படமாகப் பார்க்க முடிவதில்லை. கடைக்குள் நுழையும் பெண்ணை நானே தீயில் தள்ளிவிடுகிறேன். அவள் அதற்கு முன்பே வேறு ஊருக்குப் போயிருக்கலாம். பேரப்பிள்ளைகள் சூழப் படுக்கையில் கண்மூடியிருக்கலாம். அவளுக்கு அன்றைக்கு ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை, அவ்வளவுதான். என் பரிதாபம் அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பிடுங்கிக்கொள்கிறது.

சரி, பின்னால் நடந்ததை மறந்துவிட்டுச் சும்மா ரசிக்கலாமா? அதுவும் சரிப்படவில்லை. அந்தக் கால வண்ண அட்டைகள் பல, கருப்பு வெள்ளைப் படத்துக்குப் பிறகு நிறம் ஏற்றியவை. எந்த ஊராக இருந்தாலும் வானம் நீலம்தான். அந்த நீலத்தை நம்பினால், 1938 நவம்பரில் இதே நகரத்தின் யூத வழிபாட்டுக் கூடத்தை எரித்தவர்கள் வேறெங்கிருந்தோ வந்து இறங்கியவர்கள் என்று ஆகிவிடும். இந்த மாதிரி வீதிகளில் விளையாடி வளர்ந்தவர்கள்தானே அவர்களும்?

படத்தின் இடது ஓரத்தில் ஒரு பையன். பத்து வயது இருக்கலாம். அப்படியென்றால் 1938இல் அவனுக்கு 38, 1945இல் 45. தீ வைத்தவனா, வேடிக்கை பார்த்தவனா, அந்தக் கூடத்தில் வழிபட்டவனா, இதற்கெல்லாம் முன்பே முதல் போரின் கடைசி ஆண்டில் செத்துப்போனவனா? ஒவ்வொன்றாக அவன்மேல் போட்டுப் பார்க்கிறேன். எதுவும் ஒட்டுவதில்லை. ஒரு காலுறை மட்டும் கணுக்கால்வரை சரிந்துகிடக்க, படம் எடுப்பவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.