சோனி கிளார்க்கின் காலி இருக்கை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாடகம் மேடையேறாமல் போனதற்கு நான்தான் காரணம். அதை எழுதிய நண்பர் இறந்து அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. கையெழுத்துப் பிரதி என்னிடம் இருந்தது. கல்லூரி மாணவர்கள் சிலர் அதைப் போட அனுமதி கேட்டு வந்தார்கள். கட்டியங்காரன் மட்டும் வேண்டாம், அவன் வசனங்களை மற்றவர்கள் எல்லோரும் பகிர்ந்துகொண்டு பேசுவோம் என்றார்கள். "ஒரு வரிகூட வெட்டலை சார், பிரிச்சுத்தான் கொடுத்திருக்கோம்" என்றாள் குழுவை நடத்திய பெண். அந்தக் கட்டியங்காரனாக என் நண்பரைத் தவிர வேறு யாரும் நடித்ததில்லை. தோளில் துண்டும் கையில் பழைய குடையுமாக அவர் வந்து நின்றால்தான் நாடகமே தொடங்கும். அவர் நின்ற இடத்தையே எடுத்துவிட்டால் அது எப்படி அவருடைய நாடகமாகும்? முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நண்பருக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிறைவோடு அன்று தூங்கினேன்.

அந்த நிறைவு குலைந்தது ஓர் இசைத்தட்டால்.

சோனி கிளார்க் 1931-இல் பென்சில்வேனியாவில் ஹெர்மினி என்ற சிறிய நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்த ஜாஸ் பியானோ கலைஞர். கலிஃபோர்னியாவில் சில காலம் வாசித்துவிட்டு, 1957-இல் பாடகி டைனா வாஷிங்டனுக்குப் பக்கவாத்தியக்காரராக நியூயார்க் வந்து சேர்ந்தார். அடுத்த ஐந்தாண்டுகளில் புளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுகள் பலவற்றில் அவர் கை இருந்தது. டெக்ஸ்டர் கார்டன், ஜாக்கி மெக்லீன், கிரான்ட் கிரீன், ஹாங்க் மோப்ளி என்று பலருக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தவர் அவர்தான். ஹெராயின் பழக்கம் அவரை விடவில்லை. 1963 ஜனவரி 13 அன்று இறந்தபோது வயது 31.

அவர் வாசித்த பாணிக்கு ஹார்ட் பாப் என்று பெயர். நாற்பதுகளின் பீபாப் மின்னல் வேகத்தில் ஓடிய இசை. அதை ப்ளூஸின் ஏக்கத்துக்கும் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டுக்கும் அருகே திரும்பக் கொண்டுவந்தார்கள் ஐம்பதுகளின் கலைஞர்கள். முதலில் மெட்டைச் சேர்ந்து வாசிப்பார்கள். பிறகு அதன் கட்டுக்குள்ளேயே ஒவ்வொருவரும் தன் கற்பனையை விரிப்பார்கள். கடைசியில் மெட்டு திரும்ப வரும். இதில் கிளார்க் அவசரப்படாதவர். நீண்ட வாக்கியம் பேசுகிறவர் மூச்சுவிட இடம் பார்த்துவைத்திருப்பதுபோல அவர் வலது கை போகும்.

1958 ஜனவரி 5 அன்று நியூஜெர்சியின் ஹாக்கன்சாக்கில் பதிவான 'கூல் ஸ்ட்ரட்டின்' இசைத்தட்டில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். ரூடி வான் கெல்டர் தன் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் அமைத்திருந்த ஒலிப்பதிவுக்கூடம் அது. ஆர்ட் ஃபார்மர் டிரம்பெட், மெக்லீன் ஆல்ட்டோ சாக்ஸபோன், பால் சேம்பர்ஸ் பாஸ், ஃபில்லி ஜோ ஜோன்ஸ் டிரம்ஸ். தலைப்பு மெட்டைக் கேட்டால் வேலை முடிந்த மாலையில் கைவீசி நடந்துபோகும் ஒருவர் கண்ணில் தெரிவார். அமெரிக்காவில் அப்போது பெரிதாகக் கவனிக்கப்படாத அந்தத் தட்டை ஜப்பான் ரசிகர்கள் நெஞ்சோடு வைத்துக்கொண்டார்கள். கிளார்க் வாசித்த பல பதிவுகள் புளூ நோட்டின் கிடங்கில் கிடந்து, அவர் இறந்து பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலான பிறகு முதலில் ஜப்பானில்தான் வெளிவந்தன.

அன்றைய வழக்கம் இது. ஒலிப்பதிவுக்கு நாள் குறித்துவிட்டால் புது மெட்டு இரண்டு மூன்று வேண்டும். எழுதிக்கொண்டு வருவார்கள், வாசிப்பார்கள், அடுத்த பதிவுக்குப் போய்விடுவார்கள். பிறர் திரும்பத் திரும்ப எடுத்து வாசித்துப் பொதுச்சொத்தாகும் பேறு எல்லா மெட்டுக்கும் கிடைப்பதில்லை. ஹோரஸ் சில்வரின் மெட்டுகளுக்கு அவர் காலத்திலேயே கிடைத்தது. கிளார்க்கின் மெட்டுகள் பெரும்பாலும் பதிவான தட்டோடு நின்றுவிட்டன.

கிளார்க் இறந்த சில வாரங்களில் பியானோ கலைஞர் பில் எவன்ஸ் ஓர் அஞ்சலி செலுத்தினார். மூன்று பியானோக்களையும் தானே ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்த 'கான்வர்சேஷன்ஸ் வித் மைசெல்ஃப்' இசைத்தட்டில் 'என்.ஒய்.சி.ஸ் நோ லார்க்' என்று ஓர் உருப்படி வரும். சோனி கிளார்க் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் கிடைப்பதுதான் அந்தத் தலைப்பு. மெட்டு எவன்ஸுடையது. நண்பனின் பெயரைத் தவிர வேறெதையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. எவன்ஸும் அதே ஹெராயினோடு போராடிக்கொண்டிருந்தவர். அதை நினைத்துக்கொண்டு கேட்டால் அந்த இசையின் இருட்டு தாங்க முடியாததாக இருக்கிறது.

கிளார்க்கின் மெட்டுகளைத் தேடி வந்தவர் ஜான் ஸோர்ன். கிளார்க் இறந்தபோது அவர் ஒன்பது வயதுச் சிறுவன். பிற்காலத்தில் காதைக் கிழிக்கும் பரிசோதனை இசைக்குப் பெயர்பெற்றவர் 1985-இல் 'சோனி கிளார்க் மெமோரியல் குவார்ட்டெட்' என்று ஒரு குழு அமைத்து, கிளார்க்கின் மெட்டுகளை மட்டுமே வைத்து 'வூடூ' என்ற தட்டைப் பதிந்தார். வெய்ன் ஹார்விட்ஸ் பியானோ, ரே டிரம்மண்ட் பாஸ், பாபி பிரெவிட் டிரம்ஸ். அருமையான வாசிப்பு. ஹார்விட்ஸ் கிளார்க்கைப் போலச் செய்துகாட்ட முயலவே இல்லை. ஆனாலும் அந்தத் தட்டை நான் நிம்மதியாகக் கேட்டதில்லை. பியானோ ஒலிக்கும்போதெல்லாம் மனம் இது அவர் இல்லை, இது அவர் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கும். தவறு அவர்களுடையது அல்ல. அந்த இருக்கையில் யார் உட்கார்ந்தாலும் நான் இறந்தவரையே தேடியிருப்பேன்.

1987-இல் ஸோர்ன் மறுபடியும் வந்தார். இம்முறை டிராம்போன் வாசிக்க ஜார்ஜ் லூயிஸ், கிட்டாருக்கு பில் ஃபிரிஸெல். மூன்றே பேர். பாஸ் இல்லை, டிரம்ஸ் இல்லை, பியானோவும் இல்லை. கிளார்க்கோடு மோப்ளி, கென்னி டோர்ஹம், இன்னொரு ஹார்ட் பாப் பியானோ கலைஞரான ஃபிரெடி ரெட் ஆகியோரின் மெட்டுகளும் அதில் உண்டு. தட்டுக்கு வைத்த பெயர் கிளார்க்கின் மெட்டு ஒன்றின் பெயர்: 'நியூஸ் ஃபார் லூலு'.

முதல்முறை கேட்டபோது எரிச்சல்தான் வந்தது. ஒரு பியானோ கலைஞரின் மெட்டை வாசிக்கிறார்கள், அவர் வாத்தியத்தையே விட்டுவிட்டார்களே! நண்பரின் குடை நினைவுக்கு வந்தது. தட்டை நிறுத்தவில்லை. 'ப்ளூ மைனர்' வந்தது. டிரம்ஸ் இல்லாத இடத்தில் தாளம் மூவரின் உள்ளேயும் ஓடிக்கொண்டிருந்தது. டிராம்போன் சில இடங்களில் கீழே இறங்கிப் பாஸின் வேலையைப் பார்த்தது. கிட்டார் நாலைந்து சுரங்களைச் சேர்த்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றது. பியானோ இருந்தால் அதன் சுரக்கொத்துகள் தரையாக இருந்து மெட்டைத் தாங்கும். இங்கே தரை இல்லை. மெட்டு விழவும் இல்லை. அடுத்து எந்தச் சுரக்கொத்து வரவேண்டும் என்பதை அந்த ஒற்றை வரியே சொல்லிக்கொண்டு போனது. கிளார்க் அப்படி எழுதிவைத்திருக்கிறார். அவர் வாசித்த தட்டுகளை அத்தனை வருடம் கேட்டும் எனக்கு இது தெரியாது. அவர் விரல்களின் அழகில் அவர் எழுத்தைக் கவனிக்கத் தவறியிருக்கிறேன். இருக்கை காலியான பிறகுதான் அவர் என்ன எழுதினார் என்று காதில் விழுந்தது.

எதை வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளமாட்டேன். அந்த மூவரும் விட்டதை எல்லாம் முழுக்கத் தெரிந்து விட்டவர்கள். அசலையும் இதையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டால் தெரியும். மெட்டின் ஒரு வளைவைக்கூட அவர்கள் சோம்பலில் நேராக்கவில்லை. கற்றுக்கொள்ளாமல் கைவிடுவது வேறு, மனப்பாடம் ஆன பிறகு கைவிடுவது வேறு. இதை எழுதும்போது என்னை உறுத்துவது அதுதான். அந்த மாணவர்கள் நாடகத்தைக் கையால் நகலெடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். கட்டியங்காரன் எங்கே பெருமூச்சு விடுகிறான், எந்த வசனத்தை ஊர்க்கிழவி சொன்னால் கூடுதலாகக் கசக்கும் என்றெல்லாம் ஓரத்தில் பென்சிலில் குறித்திருந்தார்கள். நண்பரின் நோட்டை அலமாரியில் பூட்டி வைத்திருந்த நான் அந்த நான்கு வருடத்தில் அதை ஒருமுறைகூட முழுதாகப் படித்திருக்கவில்லை. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவர் தோளையும் துண்டையும் குடையையும்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அவர் எழுதியதைக் கேட்க விரும்பியவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன்.

போன மாதம் அந்தப் பெண்ணின் முகவரியைத் தேடிப் பிடித்தேன். இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியை. நோட்டு முழுவதையும் படியெடுத்து, நான் அன்று சொன்னது தவறு என்று எழுதி, இரண்டையும் அனுப்பினேன். பத்து நாளில் போன் வந்தது. தன் வகுப்புப் பிள்ளைகளை வைத்துப் போடலாமா என்று கேட்டாள். போடும்மா என்றேன். "உங்க நண்பர் பண்ணின மாதிரி குடை வெச்சுக்கணுமா சார்?" என்றாள். அது பிள்ளைகள் இஷ்டம் என்று சொன்னேன். தொடக்க வரியை யார் சொல்லப்போகிறார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.